ஆட்டோமேட்டிக் காருக்கு அடியில் சிவப்பு எண்ணெய்ச் சொட்டா? போல்ட்டை இறுக்குவதற்கு முன்னாடி இதைப் படிங்க

"கார் வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, நிறுத்துற இடத்துல சிவப்பா எண்ணெய் சொட்டியிருக்கு. கியர்பாக்ஸ் போச்சா?" வெளிநாட்டுக்குப் புதுசா வந்து பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினவங்ககிட்டருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல பதறாதீங்க. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அடியில அகலமான தட்டு மாதிரி ஒரு பேன் இருக்கும். சுத்திவர சின்னச் சின்ன போல்ட், பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய் கசியாம அடைக்கிற ஒரு கேஸ்கெட். அந்த கேஸ்கெட் காஞ்சு இறுகிப்போனாலோ, பேனோட விளிம்பு வளைஞ்சிருந்தாலோ எண்ணெய் கசியும். பெரும்பாலான கார்கள்ல கியர்பாக்ஸை இறக்காமலே சரிபண்ற வேலைதான் இது. ஆனா அப்படியே விட்டுடாதீங்க. ஆட்டோமேட்டிக்ல கியர் மாத்துற அழுத்தமே அந்த எண்ணெய் வழியாத்தான் போகுது. அளவு குறைஞ்சா கியர் விழ நேரமாகும், வழுக்கும், உள்ள இருக்கிற கிளட்ச் கருகும். பெரிய செலவு வர்றது அப்பதான்.

கசியுற இடம் எதுன்னு தெரியாம கேஸ்கெட் மாத்தச் சொல்லாதீங்க. கார் ஓடும்போது காத்து எண்ணெயைப் பின்பக்கமா அடிச்சுட்டுப் போகும், அதனால பேன் நனைஞ்சிருக்குன்னா பேன்தான் குத்தவாளின்னு இல்ல. அடிப்பக்கத்தை டீகிரீசர் (எண்ணெய்ப் பசையை எடுக்கிற திரவம்) போட்டுச் சுத்தமாத் துடைச்சு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் எந்த உயரத்துல ஆரம்பிக்குதோ அங்கதான் கோளாறு. பேன் விளிம்புக்கு மேலயே நனைஞ்சிருந்தா கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர வைக்கிற கூலர் பைப், கியர் லீவர் தண்டு சீல், வயர் கனெக்டர் இதையெல்லாம் பாக்கணும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துலருந்து சிவப்பா வடிஞ்சா முன் பம்ப் சீலா இருக்கலாம், அதுக்குத்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். இன்னொண்ணு, பழைய எண்ணெய் சிவப்பா இல்லாம பழுப்பா மாறியிருக்கும், இன்ஜின் ஆயில்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. பனிக்காலத்துல ரோட்டுல உப்பு போடுற நாட்டுல இருக்கீங்கன்னா பேன்ல துரு இருக்கான்னும் பாருங்க. துரு அரிச்சு ஓட்டை விழுந்த இரும்பு பேனுக்கு எத்தனை கேஸ்கெட் மாத்தினாலும் ஒழுகும்.

இப்ப முக்கியமான விஷயம். ஒழுகுதேன்னு போல்ட்டை இன்னும் இறுக்காதீங்க. நிறைய பேன் கெட்டுப்போறதே இதனாலதான். இந்த போல்ட்டுக்கு உண்டான இறுக்கம் ரொம்பக் கம்மி, பல கார்கள்ல 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், வீல் நட்டுக்கு அதைப்போலப் பத்து மடங்கு. சரியான அளவு உங்க காரோட சர்வீஸ் கையேட்டுல இருக்கும். அதைத் தாண்டி இறுக்கினா, இரும்பு பேன்ல போல்ட் துளையைச் சுத்தி விளிம்பு மேல்பக்கமாக் குழிஞ்சு எழும்பிடும். அந்த மேடுதான் கியர்பாக்ஸ்ல போய் முட்டும், ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல கேஸ்கெட்டை அமுக்க ஆளிருக்காது. எண்ணெய் அந்த வழியா வரும். ஒரு பழைய பேனைக் கழட்டி விளிம்புல ஸ்டீல் ஸ்கேலை வெச்சுப் பாத்தேன், ஒவ்வொரு துளைகிட்டயும் ஸ்கேல் உக்காந்திருக்கு, நடுவுல எல்லா இடத்துலயும் வெளிச்சம் தெரியுது. முன்னாடி யாரோ ஏர் கன்னால இறுக்கியிருக்காங்க. அந்த விளிம்பை மரக்கட்டை மேல வெச்சு, சின்ன சுத்தியால மெதுவாத் தட்டிச் சமமாக்கின பிறகுதான் புது கேஸ்கெட் வேலை செஞ்சுது. அலுமினிய பேனைத் தட்டாதீங்க, விரிசல் விடும். வளைஞ்சிருந்தா மாத்துறதுதான் வழி. சில கார்கள்ல பேன் பிளாஸ்டிக்கா இருக்கும், ஃபில்டரும் அதுக்குள்ளேயே இருக்கும், முழுசா மாத்திடணும்.

கேஸ்கெட் மேல சீலன்ட் (கசிவை அடைக்கிற பசை) பூசுறதும் வேண்டாம். ரப்பர் கேஸ்கெட் அதுல வழுக்கி வெளியே பிதுங்கிடும். உள்ள பிதுங்குற சீலன்ட் பிஞ்சு ஃபில்டர்ல போய் அடைச்சா இன்னும் மோசம். கேஸ்கெட்டே இல்லாம சீலன்ட் மட்டும் போடுற மாதிரி வடிவமைச்ச கார்களும் இருக்கு. அதுக்கு மட்டும் தயாரிப்பாளர் சொன்ன வகையைப் போடுங்க. மத்தபடி ரெண்டு பக்கமும் பழைய பிசிறு இல்லாம, எண்ணெய்ப் பசை இல்லாமத் துடைச்சு, எல்லா போல்ட்டையும் கையால ஓட்டிட்டு, நடுவுலருந்து வெளிப்பக்கமா எதிரெதிரா ரெண்டு மூணு சுத்துல, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்சால இறுக்கணும். கியர்பாக்ஸ் பக்கம் அலுமினியம், மரை சீக்கிரம் போயிடும்.

மெக்கானிக்கிட்ட விடுறதா இருந்தா மூணே கேள்வி கேளுங்க: எங்கருந்து கசியுதுன்னு போட்டோ காட்ட முடியுமா, பேன் விளிம்பை நேராக்குவீங்களா, எந்த எண்ணெய் ஊத்துவீங்க? மூணாவது ரொம்ப முக்கியம். ஆட்டோமேட்டிக் எண்ணெய் எல்லாம் ஒண்ணு இல்ல, சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) எண்ணெய் சுத்தமா வேற. நீங்களே செஞ்சா, வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில போகவே போகாதீங்க, சமதரையில ஸ்டாண்ட் வெச்சுட்டுத்தான்.

வழக்கமா வர்ற சந்தேகம் சிலதுக்கும் பதில் சொல்லிடறேன்.

கசிவை நிறுத்துற பாட்டில் மருந்து ஊத்தலாமா? அது காஞ்சுபோன ரப்பரைக் கொஞ்சம் மிருதுவாக்கும், அவ்வளவுதான். வளைஞ்ச பேனை நிமிர்த்தாது.

மாத்தியும் ஒழுகுது, என்ன செய்ய? எண்ணெய் அளவு அதிகமாயிருக்கா, கியர்பாக்ஸோட காத்துத் துளை அடைச்சிருக்கான்னு பாருங்க. ரெண்டுமே எண்ணெயை வெளிய தள்ளும். அளவு பாக்குற முறையும் காருக்குக் கார் மாறும். சிலதுல குச்சியே இருக்காது, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுல இருக்கும்போது கீழ்த் திருகைத் திறந்து பாக்கணும்.

பேன்ல இருக்கிற காந்தத்துல சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம்தான். கையில நெருடுற உலோகத் துண்டு கிடந்தா கேஸ்கெட்டோட வேலையை முடிச்சுடாதீங்க, கியர்பாக்ஸ் தெரிஞ்சவர்கிட்டக் காட்டுங்க.

வாடகை வீட்டு பார்க்கிங்ல கறை விழுந்திருந்தா, பூனையோட கழிவுத் தட்டுல போடுற களிமண் துகளைத் தூவி, ஷூவால நல்லாத் தேச்சு, ராத்திரி முழுக்க விட்டுக் கூட்டிடுங்க. வடிச்ச பழைய எண்ணெயைச் சாக்கடையிலயோ குப்பைத் தொட்டியிலயோ கொட்டாதீங்க. மூடி போட்ட கேன்ல எடுத்துட்டுப் போய் உங்க நகராட்சியோட கழிவு சேகரிப்பு மையத்துல குடுத்துடுங்க.