நீள்வட்டக் கால்மிதியின் இரு முனைகளும் மேலே தூக்கிக்கொள்கின்றன: எதுவரை பிரிக்க வேண்டும்?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் சேர்ந்திருந்த பழைய கைலிகள், தையற்கடையில் மிஞ்சிய ரவிக்கைத் துண்டுகள், திருப்பூர் பனியன் கழிவு ஆகியவற்றைப் பட்டை பட்டையாக எடுத்து, மூன்று பிரிச் சடையாகப் பின்னி, அந்தச் சடையை நீள்வட்டமாகச் சுற்றி ஒரு கால்மிதி செய்திருக்கிறேன். நீளம் 90 செ.மீ., அகலம் 60 செ.மீ. நடுவில் நேராக ஓடும் முதல் சடையின் நீளம் 30 செ.மீ.; சடையின் அகலம் 2.5 செ.மீ.; ஏறத்தாழ 12 சுற்றுகள் வந்திருக்கின்றன. துணியைக் குத்தித் தைக்காமல், அடுத்தடுத்த சடைகளின் பக்கக் கண்ணிகளுக்குள் நூலைச் செலுத்திக் கோத்திருக்கிறேன்.

வளைவு வரும் இடத்தில் வெளிச்சடையின் கண்ணியை அவ்வப்போது ஒன்று தாண்ட வேண்டும், அதாவது நூல் கோக்காமல் விட வேண்டும் என்பது தெரியும். அதன்படி ஒவ்வொரு முனையிலும் நான்கு கண்ணிகளைத் தாண்டி வந்தேன். மிதி பெரிதாக ஆக வளைவு குறைகிறது என்பதால், எட்டாம் சுற்றுக்குப் பிறகு அதை முனைக்கு இரண்டாகக் குறைத்தேன். இப்போது இரு முனைகளும் தரையிலிருந்து நான்கு விரல் அகலத்துக்குத் தூக்கி நிற்கின்றன. ஒருமுறை துவைத்தபின் இது இன்னும் கூடியிருக்கிறது. துவைத்தபோது சிவப்பு ரவிக்கைத் துணியின் சாயம் பக்கத்திலிருந்த வெள்ளைப் பட்டையிலும் ஏறிவிட்டது.

உள்சுற்றுகளில் இருப்பவை காலஞ்சென்ற என் மாமனார் உடுத்திய கைலிகள். நைந்த துணி என்பதால் முழுவதையும் பிரித்துக் கோக்க மனம் வரவில்லை. பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா? இல்லையென்றால் எதுவரை பிரித்தால் போதும்?

பதில்: லாஸ்பேட்டை, புதுச்சேரி

சகோதரி, முதலில் மிதியை நன்றாக ஈரமாக்கி, சமமான தரையில் விரித்து, மேலே ஒரு பலகையும் அம்மிக்கல்லும் ஏற்றி, முழுவதும் காயும்வரை விட்டுப் பாருங்கள். என் மிதிகளில் ஓரம் சற்றே தூக்கியபோது இவ்வாறுதான் படிய வைத்திருக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும்: மடியில் வைத்துக் கோத்தீர்களா, தரையில் வைத்தா? மடியில் வைத்தால் மிதி முழங்காலின் வடிவத்துக்கே வளைந்து, கை அறியாமல் நூலை இழுத்துவிடும். நான்கைந்து சுற்றுகளுக்கு மேல் வளர்ந்த மிதியை மேசையிலோ தரையிலோ விரித்துத்தான் கோக்க வேண்டும்.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

லாஸ்பேட்டை சகோதரி சொன்ன பாரம் வைக்கும் முறை ஒரு விரல் அளவுத் தூக்கலுக்குப் பொருந்தும். நான்கு விரல் தூக்கி நிற்பது வெளிச்சுற்றுகளில் சடையின் நீளமே போதவில்லை என்பதன் அடையாளம். இல்லாத நீளத்தைப் பாரம் கொண்டுவந்து சேர்க்காது. கல்லை எடுத்த சில நாட்களில் மீண்டும் எழும்பிவிடும். பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் உங்கள் மாமனாரின் கைலிகளைத் தொட வேண்டியிராது என்று நம்புகிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வளைவு குறையக் குறையத் தாண்டலையும் குறைக்கலாம் என்ற எண்ணம் இந்த வேலையில் இருப்பவர்கள் பலரிடமும் இருக்கிறது.

வட்டமோ நீள்வட்டமோ, ஒரு சுற்றுக்கு வெளியே அடுத்த சுற்றை வைக்கும்போது, மையத்திலிருந்து உள்ள தூரம் ஒரு சடையின் அகலமளவுக்குக் கூடுகிறது. சுற்றளவு அந்த அகலத்தைப்போல 2 × 3.14, அதாவது 6.28 மடங்கு கூடும். உங்கள் சடை 2.5 செ.மீ. என்பதால், ஒவ்வொரு புதிய சுற்றும் அதற்கு முந்தியதைவிட 15.7 செ.மீ. நீளமாக இருந்தே ஆக வேண்டும். இரண்டாம் சுற்றுக்கும் இதே 15.7 தான், இருபதாம் சுற்றுக்கும் இதே 15.7 தான். நீள்வட்டத்தில் நேராக ஓடும் பகுதிகள் எந்தச் சுற்றிலும் நீளுவதில்லை; கூடுகிற நீளம் முழுவதும் இரு முனைகளின் வளைவுகளிலேயே விழுகிறது.

இதைக் கண்ணிக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். சடையின் ஒரு பக்கத்தில் பத்துக் கண்ணிகளை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு கண்ணியின் நீளம் கிடைக்கும். 2.5 செ.மீ. அகலச் சடையில் அது 2 செ.மீ. அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 15.7 செ.மீட்டருக்கு எட்டுக் கண்ணிகள், அதாவது முனைக்கு நான்கு. நீங்கள் தொடக்கத்தில் செய்தது மிகச் சரி. அதனால்தான் எட்டாம் சுற்றுவரை மிதி படிந்திருக்கிறது. வளைவு பெரிதாகும்போது தாண்டும் இடங்களுக்கிடையே உள்ள தொலைவுதான் கூட வேண்டும். தாண்டும் எண்ணிக்கை குறையக் கூடாது.

எட்டுக்குப் பதில் நான்கு கண்ணிகளை மட்டும் தாண்டியதால் ஒவ்வொரு சுற்றிலும் 8 செ.மீ. குறைந்திருக்கிறது. அந்தக் குறை அந்தந்தச் சுற்றோடு நிற்பதில்லை. ஒன்பதாம் சுற்றில் 8, பத்தாம் சுற்றில் 16, பதினோராம் சுற்றில் 24, பன்னிரண்டாம் சுற்றில் 32 செ.மீ. என்று ஏறிக்கொண்டே போகும். குறைந்த சடை உள்நோக்கி இழுப்பதால், வேறு போக்கிடம் இல்லாமல் மிதி கிண்ணமாகக் குழிகிறது.

ஆகவே, எட்டாம் சுற்று முடியும் இடத்தில் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளம் செய்துகொண்டு, அதற்கு வெளியே உள்ள கோப்பு நூலை மட்டும் வெட்டிப் பிரியுங்கள். சடையைப் பிரிக்க வேண்டாம். மறுபடி கோக்கும்போது நான்கு சுற்றுகளுக்குமாகச் சேர்த்து 80 செ.மீ. சடை கூடுதலாகத் தேவைப்படும். 8, 16, 24, 32 ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் விளங்கும். ஒரு மீட்டர் சடைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்ப் பட்டை செலவாகும் என்பதால், மூன்று பிரிகளில் ஒவ்வொன்றுக்கும் 120 செ.மீ. பட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாண்டும் இடங்களைப் பற்றியும் ஒரு சொல். முந்தைய சுற்றில் தாண்டிய இடத்துக்கு நேர் எதிரே அடுத்த சுற்றிலும் தாண்டினால், அந்த இடங்களில் மூலை விழுந்து நீள்வட்டம் பலகோணமாகிவிடும். முந்தைய சுற்றின் இரண்டு தாண்டல்களுக்கு நடுவே இந்தச் சுற்றின் தாண்டல் வருமாறு மாற்றி மாற்றி அமையுங்கள்.

கேட்டவர்: மஞ்சக்குப்பம்

மிக்க நன்றி அக்கா. குறைத்தது ஏன் தவறு என்பது இப்போது முழுமையாக விளங்குகிறது. நீங்கள் சொன்னபடி பத்துக் கண்ணிகளை அளந்தேன். எட்டாம் சுற்றில், கைலித் துணியில், 20 செ.மீ. இருக்கிறது. பதினோராம் சுற்றில் பத்துக் கண்ணிகளுக்கு 17 செ.மீ. தான் வருகிறது. பின்னும்போது இரண்டும் ஒரே அளவாகத்தான் இருந்தன. பதினோராம், பன்னிரண்டாம் சுற்றுகள் இரண்டும் பெரும்பாலும் பனியன் துணி. துவைத்தபின் தூக்கல் கூடியது இதனாலா?

பதில்: குறிஞ்சிப்பாடி

அம்மா, நாங்கள் கைலி நெய்யும் குடும்பம் என்பதால் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாங்கள் கேட்டதற்கு விடை, ஆம். கைலி பாவும் ஊடையுமாக நெய்யப்பட்ட துணி. இழுத்தாலும் பெரிதாக நீளாது. பனியன் கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்ட துணி; சடை பின்னும்போது கை கொடுக்கும் இழுப்பில் நீண்டு நிற்கும், தண்ணீர் பட்டதும் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். உள்ளே நீளாத துணியும் வெளியே சுருங்குகிற துணியும் இருந்தால், கண்ணிக் கணக்குச் சரியாக இருந்தாலும் விளிம்பு தூக்கும். தங்கள் மிதியில் இரண்டு குறைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

பனியனை ஒதுக்கிவிடுமாறு சொல்லமாட்டேன். காலுக்கு மெத்தென்று இருப்பது அதுதான். ஒரு மிதியில் கலந்துதான் ஆக வேண்டும் என்றால், மூன்று பிரிகளில் ஒரு பிரியை மட்டும் பனியனாக வைத்து, மற்ற இரண்டையும் நெய்த துணியாக வைத்துத் தொடக்கம் முதல் முடிவுவரை அதே விகிதத்தில் கொண்டுபோகலாம். இப்போது பிரித்தெடுக்கும் பனியன் சடையைத் தனியே ஒரு சிறு வட்ட மிதிக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கும் நெய்த துணியையும் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசி உலர்த்திய பிறகே பட்டையாக்குங்கள். கத்தரிப்பதைவிடக் கிழிப்பது நல்லது. கிழிந்த கோடு இழையோடே போவதால் பட்டை முழுவதும் ஒரே அகலமாக இருக்கும்.

ரவிக்கைத் துண்டுகளில் பருத்தி எது, பாலியஸ்டர் எது என்று தெரியாவிட்டால், இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

இனிச் சாயம். சாயத் துணியை உப்புநீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீடுகளிலும் சொல்வார்கள். உப்புக்குச் சாயத்தொட்டியில்தான் வேலை. சாயத்தை நூலுக்குள் செலுத்த அது உதவுகிறது. முடிந்த துணியில் ஒட்டாமல் கிடக்கும் சாயத்தை அது கட்டிப்போடாது. வினிகர் போன்ற புளிப்பு, பட்டிலும் கம்பளியிலும் ஏற்றும் சாயங்களுக்கு உரியது, பருத்திக்குப் பயன்படாது. ஒட்டாத சாயத்தை வெளியேற்றிவிடுவதே வழி. வெந்நீரிலும் சோப்புத்தூளிலும் அலசிக்கொண்டே இருங்கள். அலசிய நீர் தெளியும்வரை விடாதீர்கள். பிறகு நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியை மிதியில் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகான சிவப்பாக இருந்தாலும். ஏற்கெனவே சாயம் ஏறிய வெள்ளைப் பட்டை பிரிக்கும் சுற்றுகளில் இருந்தால், அதையும் மாற்றிவிடுவது நலம்.

பதில்: தேவனாம்பட்டினம்

எந்த நூலால் கோத்திருக்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லையே, அக்கா. நம் பக்கத்தில் பலர் கடலூர் முதுநகரின் வலைக்கடைகளில் நைலான் நூல் வாங்கித் தைக்கிறார்கள். முறுக்கிய நைலான் நூல் என்றால் நல்லது. ஈரத்தில் பருத்தி நூலைப் போல இற்றுப்போகாது. தூண்டில் நரம்பான தங்கூசியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஒற்றை நரம்பாக இருப்பதால், மிதிக்க மிதிக்க அது நைந்த துணியை அறுத்துவிடும். உங்கள் கைலித் துணிக்கு அது ஆகவே ஆகாது. நைலானில் சாதாரண முடிச்சு வழுக்கி அவிழும் என்பதால், வலை முடிச்சுப் போட்டு, நுனியைத் தீயில் இலேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள். சுடர் துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோணி ஊசியைப் பயன்படுத்துவதானால், அதன் கூர்முனையை அரத்தில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். கூர் இருந்தால் கண்ணிக்குள் போவதற்குப் பதிலாகத் துணியைக் குத்தும்.

கேட்டவர்: மஞ்சக்குப்பம்

முறுக்கிய நூல்தான், தம்பி, ஊசியின் கூர்முனையையும் மழுக்கிக்கொண்டேன். எட்டாம் சுற்றுவரை கைவைக்காமல், வெளிச்சுற்றுகள் நான்கையும் அலசிய கைலிப் பட்டைகளால் புதிதாகப் பின்னி, தரையில் விரித்து, முனைக்கு நான்கு தாண்டலாகக் கோத்துவிட்டேன். மிதி தரையோடு படிந்திருக்கிறது. ஒரு முனையில் மட்டும் கடைசிச் சுற்று சற்றே அலை அலையாக நெளிகிறது. அந்த முனையில் ஐந்து தாண்டல்கள் விழுந்திருக்கின்றன. மீண்டும் பிரிக்க வேண்டுமா?

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

குழிவது நீளம் குறைந்ததன் அடையாளம் என்றால், நெளிவது நீளம் மிகுந்ததன் அடையாளம். ஒரு கண்ணி மிகுதி என்றால் 2 செ.மீ. தான். அவ்வளவு சிறிய மிகுதிக்குப் பிரிக்க வேண்டியதில்லை. லாஸ்பேட்டை சகோதரி சொன்ன ஈரமும் பாரமும் இப்போதுதான் பயன்படும். மிகுந்த நீளம் ஈரத்தில் அடங்கிவிடும். குறைந்த நீளம்தான் அடங்காது.

சடையின் முடிவை எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கடைசி ஒரு சாண் நீளத்துக்கு மூன்று பட்டைகளையும் படிப்படியாக ஒடுக்கி, மெல்லிய சடையாகப் பின்னி, அதை நேர்ப்பகுதியில் முடியுமாறு அமைத்து, நுனிகளை முந்தைய சுற்றின் கண்ணிகளுக்குள் செருகித் தைத்துவிடுங்கள். வளைவில் முடித்தால் அங்கே ஒரு புடைப்பு என்றைக்கும் தெரியும்.

பதில்: லாஸ்பேட்டை, புதுச்சேரி

பாரம் வைக்கும்போது பலகைக்கும் மிதிக்கும் இடையே ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். பலகையின் கறை ஏறாது. துவைத்த பிறகு கொடியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த மிதியின் கனத்தில் நீள்வட்டம் இழுபட்டு, கோப்பு நூலும் தளரும். கயிற்றுக் கட்டிலில் பரப்பினால் இரு பக்கமும் காற்று படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கடலோரத்தில் இவ்வளவு தடித்த மிதி எளிதில் காயாது. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து நைந்த துணி முதலில் இற்றுப்போகும். புரட்டாசி வெயிலிலேயே ஒருமுறை துவைத்து எடுத்துவிட்டு, மழை மாதங்களில் உதறித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது உங்கள் கைலிகளுக்குப் பாதுகாப்பு.