புழுக்கியா, புழுங்குகலனா? காளான் வைக்கோலைப் பதமாக்கும் கருவிக்கு ஒரு பெயர்

குழுவின் அன்பர்களுக்கு வணக்கம்.

காளான் வளர்ப்பில் வைக்கோலைப் பாஸ்டுரைஸ் செய்யும் (அதாவது, கொதிநிலைக்குக் கீழான சூட்டில் வைத்துத் தீங்கான நுண்ணுயிர்களைக் குறைக்கும்) கருவிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற வினாவுக்கு இதுவரை மூன்று விடைகள் வந்துள்ளன: கிருமி நீக்கி, பாஸ்டர் பதனி, வெதுப்பி. தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகில் சிப்பிக் காளான் வளர்க்கும் நான், இந்தக் கருவியை ஒரு 200 லிட்டர் இரும்பு டிரம்மைக் கொண்டு சொந்தமாகச் செய்து, இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எனவே மூன்று சொற்களையும் எடைபோடும் முன்பு, அந்த டிரம்முக்குள் நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

டிரம்மின் அடியில் செங்கற்களை நிறுத்தி, ஒரு சாண் உயரத்தில் கம்பி வலை பொருத்தியிருக்கிறேன். வலைக்குக் கீழே 30 லிட்டர் தண்ணீர் நிற்கும். வலைக்கு மேலே, ஓரிரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்த வைக்கோலைச் சாக்குகளில் கட்டி அடுக்குகிறேன். மூடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை உண்டு. உள்ளே அழுத்தம் சேர்ந்தால் டிரம் வெடிக்கக்கூடும் என்பதால் அந்தத் துளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. பக்கவாட்டில் பாதி உயரத்தில் இன்னொரு துளையிட்டு, நீண்ட காம்புள்ள வெப்பமானியைச் சுமையின் நடு வரை செலுத்தியிருக்கிறேன். இந்த வெப்பமானி இல்லாத காலத்தில் நான் செய்ததெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்ததற்கு ஒப்பானது. ஓரத்துச் சாக்கில் கை வைக்க முடியாதபடி சூடு ஏறியிருக்கும்போதுகூட நடுச்சாக்கு 45 பாகை (டிகிரி) செல்சியசைத் தாண்டாமல் இருப்பதைப் பின்னர்தான் கண்டேன். நடுப்பகுதி 65 பாகை செல்சியசை எட்டிய பிறகே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும். அதன் பின்னர் விறகை இழுத்துத் தீயைத் தணித்து, 65க்கும் 75க்கும் இடையில் ஒரு மணி நேரமாவது நிறுத்தி வைக்க வேண்டும்.

இதற்குத் தேவைப்படும் வெப்பம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 10 கிலோ உலர்ந்த வைக்கோல் 20 கிலோ நீரை உறிஞ்சியிருந்தால், அந்தச் சுமையை 25 பாகையிலிருந்து 70 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 4,400 கிலோ ஜூல் போதும். சுமார் 2 கிலோ நீராவி வைக்கோலின் மேல் படிந்து மீண்டும் நீராகும்போது வெளிவிடும் வெப்பம் அவ்வளவுதான். தகட்டின் வழியே காற்றுக்குப் போவது தனிக்கணக்கு. அதைக் குறைக்க டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி ஏமாந்தவன் நான். ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் களவாடிக்கொண்டு போயிற்று. இப்போது அடுப்பைச் சுற்றி மண் குழைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறேன்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். கிருமி நீக்கி என்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். முதற்காரணம் இயற்பியல். எல்லா நுண்ணுயிர்களையும், அவற்றின் நுண்வித்துகளையும் (ஸ்போர்) சேர்த்து அழிக்க 121 பாகை வெப்பமும் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தமும் வேண்டும். காளான் வித்து (படுக்கையில் இடுவதற்காகக் காளான் இழை படரவிட்ட தானியம்) தயாரிப்பவர்கள் சோளத்தை அழுத்தக் கலனில் வைப்பது அதற்காகத்தான். மூடியில் துளையுள்ள எந்த டிரம்மும் 100 பாகையைத் தாண்டாது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்வதாக அந்தப் பெயர் சொல்கிறது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. கிருமிகள் அனைத்தும் நீங்குவதை நாம் விரும்பவே இல்லை. 65 முதல் 75 பாகையில் பூசணங்களில் பெரும்பாலானவையும் பூச்சிகளின் முட்டைகளும் மடிகின்றன. வெப்பத்தைத் தாங்கும் சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்தவை வைக்கோலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, காளான் இழைகள் பரவி முடியும் வரை புதிதாக வரும் பூசணத்தை அண்டவிடாமல் காவல் செய்கின்றன. என் முதல் பருவத்தில், கையில் கிடைத்த ஒரு கைப்பிரதியில் இருந்த ‘கிருமி நீக்கம்’ என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்பி, ஆவி பொங்கப் பொங்க மூன்று மணி நேரம் அவித்தேன். ஆளில்லாத வீடாகிவிட்ட அந்த வைக்கோலை டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. வைக்கோலும் வித்தும் இட்ட நாற்பது படுக்கைகளில் பாதிக்கு மேல் குப்பைக்குழிக்குப் போயின. (நிலக்கடலைக்கு விதை நேர்த்தி செய்ய நாம் காசு கொடுத்து வாங்கும் அதே டிரைக்கோடெர்மா, காளான் குடிலுக்குள் வந்தால் எதிரி.) 100 பாகையில் அவித்தும் நல்ல விளைச்சல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஆறவைப்பதிலும் வித்திடுவதிலும் அவர்கள் காக்கும் தூய்மை எல்லாக் குடிசைகளிலும் கைகூடுவதில்லை.

பாஸ்டர் பதனி என்ற சொல்லில் லூயி பாஸ்டருக்குரிய மதிப்பு இருக்கிறது. 1860களில் அவர் திராட்சை மதுவை 50 முதல் 60 பாகை வரை சூடாக்கி அது கெடாமல் காத்தார் என்பது வரலாறு. பாலுக்கு 63 பாகையில் 30 நிமிடம், 72 பாகையில் 15 வினாடி என்ற கணக்குகள் பின்னர் வந்தவை. ஆனால் பேச்சுத் தமிழில் பாஸ்டர் என்றால் தேவாலயப் போதகர், பதனி என்றால் பனையிலிருந்து இறக்கும் பதநீர். இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னபோது என் வீட்டில் எழுந்த சிரிப்பை இங்கு விவரிக்கப் போவதில்லை. மேலும், பதனிக்கு உறவான பதப்படுத்தல் என்ற சொல்லைக் கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளும் தோல் தொழிலும் ஏற்கெனவே தமக்கென எடுத்துக்கொண்டுவிட்டன.

வெதுப்பி நல்ல தமிழ். ஆயினும் ஈழத்தில் வெதுப்பகம் என்றால் ரொட்டி சுடும் இடம் என்று இக்குழுவின் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் முன்பு சுட்டிக்காட்டியதை ஒதுக்கிவிட முடியாது. எங்கள் பக்கத்திலோ வெதுவெதுப்பு என்றால் குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் சூடு. 70 பாகை என்பது கையைப் பொத்துவிடும் சூடு.

என் முன்மொழிவு புழுக்கல், புழுக்கி என்பவை. நெல்லை ஊறவைத்து, ஆவியில் புழுக்கி, காயவைத்து அரைத்தால் அது புழுங்கல் அரிசி. வைக்கோலையும் ஊறவைக்கிறோம், ஆவியில் வைக்கிறோம், பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கை மட்டும் நனையும் பதத்துக்கு உலர்த்துகிறோம். படிகள் மூன்றும் ஒன்றே. புழுக்கிய நெல் சோறாகிவிடுவதில்லை, பச்சையாகவும் நிற்பதில்லை. நாம் வேண்டும் இடைநிலை அதுவே. அரைவேக்காடு என்ற சொல் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும். ஆனால் அதைத் திட்டுவதற்கென்றே ஒதுக்கிவிட்டோம்.

பாலக்கோட்டிலிருந்து.

மறுமொழி

ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் மடலைப் படித்தேன். கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் முசுக்கொட்டை பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. ஓராண்டாகக் காளானும் சேர்ந்திருக்கிறது. கிருமி நீக்கம் என்ற சொல்லைத் தாங்கள் மறுப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். எங்கள் புழு வளர்ப்பு மனையில் பிளீச்சிங் தூளும் சுண்ணாம்பும் இட்டுச் செய்வதே கிருமி நீக்கம். அங்கே எதுவும் மிஞ்சக் கூடாது. அதே சொல்லைக் காளான் வைக்கோலுக்கும் சொன்னால், இரண்டு வேலைகளையும் செய்யும் ஒருவர் இரண்டையும் ஒரே கண்டிப்போடுதான் செய்வார். தங்களுக்கு நேர்ந்த இழப்பும் அவ்வகையானது என்று நினைக்கிறேன்.

ஆனால் புழுக்கி என்ற பெயரை எங்கள் ஊரில் சொல்லிப் பார்த்தீர்களா? நான் சொல்லிப் பார்த்தேன். கூடு விற்கத் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் மாமனார், “அது புழுவை என்ன செய்யும்?” என்று கேட்டார். ஆடு மேய்க்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கோ ஆட்டுப் புழுக்கை நினைவுக்கு வந்தது. பட்டும் ஆடும் நிறைந்த இந்த இரண்டு மாவட்டங்களில் அந்தச் சொல் எடுபடாது. அத்துடன் ஓர் ஐயம்: நெல்லைப் புழுக்குவது அரிசிக்குள் மாவைக் கெட்டிப்படுத்தவும் உமி எளிதில் பிரியவும், அதில் நுண்ணுயிர் பற்றிய நோக்கமே இல்லையே. ஒற்றுமை வேலையில் மட்டுமா, பொருளிலும் உண்டா?

இன்னொன்று. வைக்கோல், கேழ்வரகுத் தாள், கரும்புச் சக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக அடிமூலக்கூறு என்று சிலர் எழுதுகிறார்கள். மூலக்கூறு என்பதைப் பள்ளியில் வேறு பொருளில் படித்த பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்னிடம் வேதியியல் கேட்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து.

மறுமொழிக்கு மறுமொழி

அம்மா, வணக்கம். தங்கள் மாமனாரின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. புழுக்கியைத் திரும்பப் பெறுகிறேன். ஊரார் காதில் ஏறாத சொல்லை இலக்கணத்தின் துணைகொண்டு காப்பாற்ற நான் விரும்பவில்லை. ஆயினும் அதே இலக்கணம் ஒரு மாற்று வழியைக் காட்டுகிறது.

அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு போலப் புழுங்கு என்பது தன்வினை, புழுக்கு என்பது பிறவினை. தாங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளும் வல்லின ககரம் இரட்டிக்கும் வடிவத்தில்தான் வருகின்றன. புழுங்கு என்று மெல்லினம் வந்ததும் புழுவும் ஆட்டுப் புழுக்கையும் மறைந்து, அரிசியும் காற்றில்லாத இரவும் நினைவுக்கு வருகின்றன. கொதிகலன் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அதைக் கொதிப்பி என்று யாரும் சொல்லவில்லை; நீர் தானே கொதிக்கும் கலன் என்று தன்வினையைக் கொண்டே வினைத்தொகையாக அமைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. அவ்வாறே புழுங்குகலன் என்று சொல்லலாம். கலம் என்று மகர ஈறு வைத்தால் நெல் அளக்கும் பழைய கலக்கணக்கு குறுக்கிடும். கலன் என்றால் எரிவாயுக் கலன் வரை பழகிய சொல். டிரம்மாக இருந்தாலும், தகரப் பெட்டியாக இருந்தாலும், செங்கல் கட்டிய தொட்டியாக இருந்தாலும் பொருந்தும். செயலுக்குப் புழுங்கல், பொருளுக்குப் புழுங்கல் வைக்கோல் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னதை எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

தங்கள் ஐயம் நியாயமானது. நெல்லின் உட்பொருளில் நடப்பதும் வைக்கோலில் நடப்பதும் வெவ்வேறு. ஆனால் புழுக்கம் என்ற சொல்லின் அடிப்படை அர்த்தம் நெல்லைச் சார்ந்தது அன்று. காற்றோட்டமில்லாமல் ஈரமும் வெப்பமும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் நிலை அது. மொட்டுக் காளான் படுக்கைக்கு மட்கு உரம் தயாரிப்பவர்கள் மூடிய அறையில் 58 முதல் 60 பாகையில் பல மணி நேரம் நிறுத்துவதற்குக் கொதியும் பொருந்தாது, அவியலும் பொருந்தாது, ஏனெனில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை உரத்திலுள்ள நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. அடுப்பே இல்லாத அந்த அறைக்கும் புழுங்கல் பொருந்துகிறது. பாலுக்கு இது பொருந்தாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். புழுங்கல் பால் என்று யாராவது விற்றால் நானே வாங்கமாட்டேன். பாலுக்கும் மாங்கூழுக்கும் பாஸ்டரின் பெயரே இருக்கட்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் துறைதோறும் வெவ்வேறு தமிழ்ச் சொற்கள் வருவதில் எனக்குத் தயக்கமில்லை. நுண்ணுயிர் நீக்கம் என்பதை 121 பாகை அழுத்தக் கலனுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

அடிமூலக்கூறு பற்றித் தாங்கள் சொன்னது சரி. காளான் படுக்கை என்ற சொல் எல்லாக் குடில்களிலும் வழங்குவதால் படுக்கைப் பொருள் என்றே எழுதிவிடலாம்.

கைப்பிரதி ஒன்றை மறுபடி அச்சிட நேர்ந்தால், ‘வைக்கோலைக் கிருமி நீக்கம் செய்யவும்’ என்ற வரியை எடுத்துவிட்டு இவ்வாறு எழுதலாம் என்பது என் பரிந்துரை: ‘புழுங்குகலனில் அடுக்கிய வைக்கோலின் நடுப்பகுதி 65 பாகையை எட்டிய பின், 75 பாகையைத் தாண்டவிடாமல் ஒரு மணி நேரம் புழுங்க விடவும், பிறகு மூடியைத் திறக்காமல் ஆறவிட்டு, கைச்சூட்டுக்குக் கீழே இறங்கிய பின் வித்திடவும்.’ ‘கைச்சூடு’ என்பதற்குப் பதிலாக 30 பாகை என்று எண்ணாலேயே குறிக்க வேண்டுமா என்பதைத் தாங்களும் மற்ற அன்பர்களும் சொல்ல வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து.