புதுப்பிப்பு: அப்பாவின் தகரப் பெட்டி ஒருவழியாகக் காலி

தருமபுரி வீட்டில் அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய ரசீதுகளை எறியலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பிரித்தாயிற்று. கரண்ட் பில், கேஸ் ரசீது எல்லாம் எடைக்குப் போயின. ஏடிஎம் சீட்டுகளில் எழுத்தே மங்கிவிட்டது. அதற்கும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார் மனுஷன்! பான், ஆதார் நகல்களை மட்டும் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டோம்.

மூலப்பத்திரம், வீட்டுவரி ரசீது, கடன் தீர்ந்த கடிதம் மூன்றையும் தொடவில்லை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். மூலப்பத்திரம் தொலைந்தாலோ போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும்.

அப்புறம், பெட்டியின் அடியில் அம்மா பெயரில் ஒரு கிசான் விகாஸ் பத்திரம் (தபால் நிலையச் சேமிப்புப் பத்திரம்)! முதிர்ந்து பல வருடமாகியும் பணமாக்கவில்லை. திங்கட்கிழமை அம்மாவோடு தபால் நிலையம் போகிறேன்.