குன்னூர் வீட்டு ஹீட்டர்: கரண்ட் பில் எவ்ளோ ஏறும்?

குன்னூர் சித்தி: பாட்டி ரூமுக்கு ஆயில் ஹீட்டர் வந்திருச்சு. பின்னாடி ஸ்டிக்கர்ல 2000 வாட்னு இருக்கு. சாயங்காலம் 7ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் போடணும். பில் எவ்ளோ ஏறும்?

அக்கா: 2 கிலோவாட், 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 8 யூனிட். பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைங்கிறதால 60 நாளைக்கு 480. யூனிட் 5 ரூபான்னு வச்சா 2,400 சித்தி.

பெரியப்பா: யூனிட் கணக்கு சரிம்மா, ரூபா கணக்குதான் தப்பு. வீட்டுல ஏற்கெனவே ஓடுற யூனிட்டுக்கு மேலதான் ஹீட்டர் யூனிட் போய் உக்காரும், அதனால மேல் ஸ்லாப் ரேட்தான், அதாவது யூனிட் ஏற ஏறக் கூடுற ரேட்தான் விழும். ஹீட்டர் இல்லாம எவ்ளோ ஓடுது? கோடைக்கால பில்லைப் பாக்காதீங்க, குளிர்ல கீசர் கூட ஓடும். போன டிசம்பர், ஜனவரி ரீடிங்கைப் பாருங்க.

குன்னூர் சித்தி: வெள்ளை அட்டையில 250 யூனிட் எழுதியிருக்கு மாமா.

பெரியப்பா: 2024 ஜூலையில மாத்தின ரேட்ல போடுறேன், உங்க கடைசி பில்லோட ஒத்துப் பாத்துக்குங்க.
250க்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, மிச்சம் 50க்கு 4.70. மொத்தம் 470 ரூபா.
ஹீட்டரோட 730. 500ஐத் தாண்டினா அந்த 2.35 ரேட்டே கிடையாது, 101ல இருந்து 400 வரைக்கும் 4.70. அது 1,410. அடுத்த 100க்கு 6.30, அடுத்த 100க்கு 8.40, மீதி 130க்கு 9.45. மொத்தம் 4,108.50. ஹீட்டருக்கு மட்டும் 3,638 ரூபா ஆகுது.

குன்னூர் சித்தி: அவ்ளோவா!!

அண்ணன்: சித்தி, 2000 எதுக்கு? ஹீட்டர்ல ரெண்டு சுவிட்ச் இருக்கும்ல, 800, 1200. ரெண்டையும் போட்டாத்தான் 2000. பாட்டி ரூம் சின்னது, கதவுக்கு அடியில இருக்கிற சந்துல பழைய துணியைச் சுருட்டி வச்சுட்டு 1200 மட்டும் போடுங்க. 60 நாளைக்கு 288 யூனிட். வீட்டோட சேத்து 538.

பெரியப்பா: 538க்கு 2,359. அதுலயும் 42 யூனிட் குறைச்சு 496ல நிறுத்தினா 1,780தான். அந்தக் கடைசி 42 யூனிட்டுக்கு 579 ரூபா குடுக்குறோம், யூனிட் கிட்டத்தட்ட 14 ரூபா! 500ங்கிற கோட்டை மட்டும் தாண்டாதீங்க.

அண்ணன்: 42 யூனிட்னா தினம் 35 நிமிஷம். ஆயில் ஹீட்டர் அணைச்ச பிறகும் சூடு விட்டுக்கிட்டே இருக்கும், 10:25க்கே அணைச்சிரலாம்.
ஸ்டிக்கர் வாட் 230 வோல்ட்டுக்குத்தான் சித்தி. வோல்டேஜ் இறங்கினா வாட்டும் இறங்கும். 200 வோல்ட்ல 2000 வாட் ஹீட்டர் 1500தான் இழுக்கும், சூடும் அவ்ளோதான் வரும். மீட்டர்லயே பாத்துருவோம். மீட்டர் முகப்புல இம்பல்ஸ் நம்பர் என்ன போட்டிருக்கு?

குன்னூர் சித்தி: 3200னு இருக்கு கண்ணு. பக்கத்துல சின்னதா ஒரு சிவப்பு லைட் மினுக்குது.

அண்ணன்: அந்த லைட் 3200 தடவை மினுக்கினா ஒரு யூனிட். ஃபிரிட்ஜ், கீசர், மோட்டார் எல்லாத்தையும் அணைங்க. இன்வெர்ட்டரை மறந்துராதீங்க, பேட்டரி சார்ஜ் ஏறிட்டிருந்தா கணக்கு கெட்டுரும். ஹீட்டர்ல 1200 சுவிட்ச், சூட்டைப் பாத்துத் தானா அணைக்கிற தெர்மோஸ்டாட்டை முழுசாத் திருப்பி வைங்க, இல்லைன்னா நடுவுல கட் ஆகும். ஒரு நிமிஷம் எண்ணுங்க.

குன்னூர் சித்தி: 57. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.

அண்ணன்: 57ஐ 60ஆல பெருக்கி 3200ஆல வகுத்தா 1.07 கிலோவாட். 1.2க்குக் குறைவா இழுக்குது, அப்போ வோல்டேஜ் 217 கிட்ட இருக்கு. 240 மணி நேரத்துக்கு 257 யூனிட், வீட்டோட 507. தினம் அரை மணி முன்னாடி அணைச்சா 475ல நிக்கும். ரூம் சூடானதும் தெர்மோஸ்டாட் கட் பண்ற நேரம் வேற இருக்கு, இன்னும் குறையும்.

பெரியப்பா: 475க்கு 1,647 ரூபா. ரீடிங் எடுத்துட்டுப் போன அன்னிக்கு மீட்டர் நம்பரைக் காலண்டர்ல எழுதிருங்க. 30ஆம் நாள் 240க்கு மேல ஓடியிருந்தா அடுத்த மாசம் நேரத்தைக் குறைச்சுக்கலாம்.

அக்கா: ராத்திரி முழுக்கக் குளிருமே, பக்கத்து வீட்டுல கரி அடுப்பை ரூமுக்குள்ள வைக்கிறாங்களாம்.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம்! மூடின ரூம்ல கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாசனையே கிடையாது, தூங்குறவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. அவங்க கிட்டயும் இன்னிக்கே சொல்லிருங்க.

அண்ணன்: 11 மணிக்கு மேல வெந்நீர்ப் பை போதும், போர்வைக்குள்ள கால் மாட்டுல வைங்க. ஹீட்டரை எந்த பிளக்ல போட்டிருக்கீங்க சித்தி?

குன்னூர் சித்தி: ஹால்ல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து.

அண்ணன்: உடனே கழட்டுங்க. 2000 வாட்னா 8.7 ஆம்ப் இழுக்கும், அந்த பாக்ஸ் 6 ஆம்ப்புக்குத்தான், உருகிரும். 16 ஆம்ப் சாக்கெட்ல, 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர்ல போடணும். அரை மணி ஓடின பிறகு அணைச்சுட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை சுடுற மாதிரி இருந்தா உள்ள காண்டாக்ட் லூஸ்.

குன்னூர் சித்தி: கழட்டிட்டேன். பாட்டி ரூம்ல 16 ஆம்ப் பாயின்ட் இல்லையே.

அண்ணன்: ஞாயித்துக்கிழமை வந்து போர்டுல இருந்து தனி லைன் இழுத்துத் தர்றேன். அதுவரைக்கும் ஹீட்டர் வேண்டாம்.