சீர் பைன் டர்பன்டைனில் வலித்தைலம்: பிரிவதும் அரிப்பதும் ஏன்?

கல்வம்‌_குழவி கேட்டது:

பழைய பிரிட்டிஷ் பார்மகோபியா (மருந்துத் தரநூல்) அளவில் டர்பன்டைன் லினிமென்ட், அதாவது வலிக்குத் தடவும் தைலம், செய்கிறோம். சாஃப்ட் சோப் 75 கிராம், கற்பூரம் 50 கிராம், டர்பன்டைன் 650 மி.லி., தண்ணீர் 225 மி.லி. டர்பன்டைன் எண்ணெய் உத்தராகண்டில் சீர் பைன் (பைனஸ் ராக்ஸ்பர்கி) பிசினிலிருந்து வடித்தது. இரண்டு சிக்கல். ஒன்று, சில முறை கெட்டியான வெள்ளைக் குழம்பாக வருகிறது, சில முறை மறுநாளே எண்ணெய் மேலே மிதக்கிறது. இரண்டாவது, தடவிய சிலருக்கு அன்று ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சிவந்து அரிக்கிறது. எண்ணெயை மாற்றுவதா, செய்முறையை மாற்றுவதா?

எமல்ஷன்‌_மேசை:

முதல் சிக்கலுக்கு என் முதல் சந்தேகம் தண்ணீர்தான். சாஃப்ட் சோப் என்பது பொட்டாசியம் சோப்பு. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைக் கரையாத சோப்பாக மாற்றிவிடும். பொட்டாசியம் சோப்பு எண்ணெய்த் துளிகளைத் தண்ணீருக்குள் பிடித்து வைக்கிறது. கால்சியம் சோப்பு அதற்கு நேர் எதிராக, தண்ணீரை எண்ணெய்க்குள் இழுக்கப் பார்க்கும். இரண்டும் ஒரே கல்வத்தில் இருந்தால் எமல்ஷன் (எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு) உடையத்தான் செய்யும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் எடுங்கள்.

அடுத்தது சேர்க்கும் வரிசை. கற்பூரத்தைப் பொடித்து டர்பன்டைனில் போட்டு, மூடிய பாட்டிலில் குலுக்கியே கரைக்க வேண்டும். சூடு வேண்டாம். கற்பூரம் ஆவியாகிப் போகும் என்பது மட்டுமல்ல, டர்பன்டைன் ஏறத்தாழ 35 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் வெயில் நாளில் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். பக்கத்தில் அடுப்பு கூடாது.

சோப்பைக் கல்வத்தில் போட்டு 50 மி.லி. தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது. குழவி ஓடும்போது 'கிளிக்' என்று ஒட்டும் சத்தம் வந்து, கலவை வெளுத்துக் கெட்டியானால் எமல்ஷன் பிடித்துவிட்டது என்று பொருள். சாம்பல் நிறத்தில் எண்ணெய் மினுமினுப்போடு தளர்ந்தால் எண்ணெய் அவசரமாகப் போய்விட்டது. அதை அரைத்து அரைத்துச் சரிசெய்ய முடியாது. வேறு கல்வத்தில் புதிதாகச் சோப்பைக் குழைத்து, உடைந்ததை அதில் துளித்துளியாக விடுங்கள். மீதித் தண்ணீர் கடைசியில்.

மணத்துக்காக எலுமிச்சைச் சாறு, ஸ்பிரிட், உப்பு கலந்த எதையும் சேர்க்காதீர்கள். அமிலம் பட்டால் சோப்பு கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும்.

பைனீன்‌_கேரீன்:

இரண்டாவது சிக்கலுக்கு விடை அந்த மரத்தின் வேதியியலில் இருக்கிறது. ஐரோப்பியக் கடலோரப் பைன் டர்பன்டைனில் ஆல்ஃபா-பைனீன், பீட்டா-பைனீன் என்ற இரண்டு பொருள்கள்தான் பெரும்பங்கு. சீர் பைனில் அப்படியில்லை. அதில் டெல்டா-3-கேரீன் என்ற பொருள் பாதியையும் தாண்டும், ஆல்ஃபா-பைனீன் கால் பங்கு அளவில்தான், கூடவே லாங்கிஃபோலீன் என்ற கனமான பொருளும் கணிசமாக இருக்கும்.

கேரீன் காற்றுப் பட்டால் விரைவில் ஆக்சிஜனேறி ஹைட்ரோபெராக்சைடு என்ற பெராக்சைடாகும். ஸ்வீடன் டர்பன்டைனில் வேலை செய்த பெயின்டர்களுக்குக் கையில் வந்த எக்சிமாவுக்கு இதே பெராக்சைடுகளே காரணம் என்று தோல் மருத்துவர்கள் கண்டார்கள். தடவியவுடன் எரிச்சல் என்றால் அது வெறும் உறுத்தல், கழுவினால் போகும். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் நீர்க்கொப்புளமும் என்றால் அது ஒவ்வாமை. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தவர் மறுபடி டர்பன்டைன் தொடவே கூடாது, புது எண்ணெயாக இருந்தாலும்.

எண்ணெய் கெட்டிருக்கிறதா என்று பார்க்க: சிறிது எண்ணெயில் அசெட்டிக் அமிலம் விட்டு, பொட்டாசியம் அயோடைடு கரைசல் சேர்த்துக் குலுக்குங்கள். மஞ்சளோ பழுப்போ கண்டால் பெராக்சைடு ஏறிவிட்டது. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டும் பார்க்கலாம். நல்லது ஆவியாகிப் போகும், பழசு பிசுக்குக் கறை விடும். கெட்டதை மறுபடி வடித்துச் சுத்தம் செய்யலாம் என்று இறங்காதீர்கள். பெராக்சைடு அடியில் செறிந்து வெடிக்கக்கூடும். வாங்கும்போதே சிறு பழுப்புப் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். பாதி காலியான பெரிய கேன்தான் எண்ணெயைக் கெடுப்பது.

ஹார்டுவேர் கடை 'டர்பன்டைன்' பெரும்பாலும் மினரல் டர்பன்டைன், அதாவது பெட்ரோலியச் சரக்கு. 100 மி.லி. எடை போடுங்கள். மர எண்ணெய் 86 கிராம் அருகில் நிற்கும், மினரல் 78 கிராம் அருகில்.

பிசின்‌_தட்டு:

மேலே சொன்னதோடு ஒன்று. எண்ணெய் வடித்த பிறகு தங்கும் ரோசினிலும் ஒவ்வாமை உண்டு. ஏறத்தாழ பிசினின் முக்கால் பங்கு அதுதான். அபியட்டிக் அமிலமும் அதன் உறவு அமிலங்களும். காற்றில் ஆக்சிஜனேறிய ரோசின், தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையின் (பேட்ச் டெஸ்ட்) வழக்கமான பொருள்களில் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று வாங்குவது உண்மையில் சால மரப் பிசினா, ரோசினா என்று பார்த்தே களிம்பில் சேருங்கள். ஒரு கிராம் பொடியை 10 மி.லி. ஸ்பிரிட்டில் குலுக்கினால் ரோசின் முழுக்கக் கரைந்து தெளியும். குங்கிலியம் ஒரு பகுதிதான் கரையும், மீதி வெள்ளையாக நிற்கும். அமில எண் (ஒரு கிராமில் உள்ள அமிலத்தை நடுநிலையாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மி.கி. அளவு) போட வசதி இருந்தால் இன்னும் தெளிவு: ரோசினுக்கு 160-க்கு மேல், குங்கிலியத்துக்கு அதில் சிறு பங்கே.

கல்வம்‌_குழவி:

மூவருக்கும் நன்றி. எடை 86 கிராம்தான் வருகிறது, அயோடைடு சோதனையில் நல்ல பழுப்பு. கேன் பாதி காலி. இன்னொன்று: இதையே சளிக்கு ஆவி பிடிக்க, குடற்புழுவுக்குச் சொட்டு விட்டுக் கொடுக்க என்று கேட்டு வருகிறார்கள். என்ன சொல்வது?

பைனீன்‌_கேரீன்:

கேனைக் கழித்துவிடுங்கள், சாக்கடையில் கொட்டாமல்.

உள்ளுக்கு ஒரு சொட்டும் கூடாது. பழைய புத்தகங்களில் புழுவுக்கு எழுதியிருப்பது உண்மை, ஆனால் அந்தக் காலத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை இல்லை. குழந்தைகளில் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 மி.லி., உயிரைப் பறித்த பதிவுகள் உண்டு. சிறுநீரகம் புண்ணாகும், சிறுநீரில் வயலட் பூ மணம் வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இவ்வளவு மெல்லிய எண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் ரசாயன நிமோனியா. நேரே மருத்துவமனைக்கு.

ஆவி பிடிக்கவும் வேண்டாம், வெறும் வெந்நீரே போதும். லினிமென்டில் ஏறத்தாழ 5 சதவீதம் கற்பூரம் இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், வலிப்பு வரும். லேபிளில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும், குலுக்கிய பின் தடவவும், புண்ணில் படக் கூடாது' மூன்றும் இருக்கட்டும். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கக் கட்டோ போட்டால் கொப்புளிக்கும்.

எமல்ஷன்‌_மேசை:

மாட்டுப் புழுப்புண்ணுக்கும் கேட்பார்கள். அங்கே லினிமென்ட் இல்லை, தனி டர்பன்டைனை நனைத்த துணி. புழு மேலே வந்ததும் இடுக்கியால் எடுத்து, உடனே புண்ணை நன்றாகக் கழுவிவிட வேண்டும். அப்படியே விட்டால் சதை வெந்து ஆற நாளாகும். பூனைக்கு எந்த அளவிலும் கூடாது.