வீட்டுப்பாடத்தில் ஏஐ: பார்த்ததும் பட்டதும்

சமூக அறிவியல் ஆசிரியை, மேலூர்ப் பக்கம்

ஒன்பதாம் வகுப்புக்கு 'நம்ம பக்கத்துக் கல்வெட்டு' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தேன். நிறையப் பேர் எங்கள் பக்கத்தில் இருக்கும் மாங்குளம் மலைக் கல்வெட்டை எடுத்திருந்தார்கள். தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாம் ஒரே கை எழுதியது மாதிரி இருக்கிறது. "பண்டைத் தமிழரின் பெருமைக்குச் சான்றாகத் திகழ்கிறது" என்ற வரி தாளுக்குத் தாள் வருகிறது. ஒரு பையன் தாளில் அந்தக் கல்வெட்டு வட்டெழுத்தில் இருப்பதாகவும் பிற்காலச் சோழர் வெட்டியதாகவும் இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, ஆனால் சொன்ன விஷயம் முழுக்கத் தப்பு. மாங்குளத்தில் இருப்பது தமிழி, அதாவது தமிழ்-பிராமி எழுத்து. கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் அதில் வருகிறது.

"இதை எங்கிட்டிருந்துப்பா எடுத்த?" என்று கேட்டேன்.

"ஏஐகிட்ட கேட்டேன் டீச்சர்."

"சரி, அதுக்கு யார் சொன்னாங்களாம்? கேட்டுப் பாரு."

வகுப்பிலேயே என் போனில் கேட்டான். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு நூற்றாண்டைச் சொன்னது. மறுபடி கேட்டதும் அதையும் மாற்றியது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் இவ்வளவு ஏறியிருக்காது.

அப்புறம் அது வேலை செய்யும் விதத்தைப் பேசினோம். அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக்கொண்டே போவதுதான் அதன் அடிப்படை. மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றி உலகமே எழுதி வைத்திருக்கிறது, அதனால் அங்கே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். மாங்குளம் மாதிரி இடம் என்றால் தடுமாறும். தடுமாறினாலும் அதே மிடுக்கோடுதான் பேசும். பிள்ளைகள் ஏமாறுவது அந்த மிடுக்கில்தான்.

இப்போது எங்கள் வகுப்பில் வழக்கம் இதுதான். முதல் வரைவு ரஃப் நோட்டில், சொந்தக் கையால். அதற்குப் பிறகு ஏஐயிடம் போகலாம், ஆனால் "எழுதிக் கொடு" என்று கேட்கக் கூடாது. "இதைப் படிச்சிட்டு உனக்குப் புரியாத இடத்தை எங்கிட்ட கேள்வியாக் கேளு" என்றுதான் கேட்க வேண்டும். தாளின் கடைசியில் அது எதற்கு உதவியது என்று எழுதிவிட வேண்டும். உதவி வாங்கியதை மறைக்காமல் எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அந்தப் பையன் தாத்தாவோடு மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து புதிதாக எழுதினான். "கல்லுப் படுக்கையில கை வச்சா மத்தியானத்துலயும் ஜில்லுனு இருக்கு" என்று ஒரு வரி. வெள்ளறை ஊர் நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், அங்கே தங்கிய சமணத் துறவிகளுக்குக் கொடுத்த கொடையையும் சேர்த்திருந்தான். அதைப் படித்த ஏஐ, "துறவிகளுக்கு வியாபாரிகள் ஏன் செலவு செய்தார்கள்?" என்று கேட்டிருக்கிறது. அருமையான கேள்வி! பதில் தேடி நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் வந்திருக்கிறான். எனக்கு இந்த வருடத்தின் பெரிய சந்தோஷம் இது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா, செல்லூர்

டீச்சர் சொன்ன ரஃப் நோட்டு எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்தது. என் மகள் ராத்திரி உட்கார்ந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரையை, ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் ஏதோ மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு "ஏஐ எழுதியது" என்று பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை சாப்பிடவே இல்லை. அடித்துத் திருத்திய பக்கங்களோடு நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த மென்பொருளை வேதவாக்காக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கு மேல் இத்தகைய கருவிகள் தப்பாக ஏஐ என்று சொன்னதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். எளிய சொற்களில் எழுதும் நம் பிள்ளைகள்தான் முதலில் மாட்டுவார்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தப் பத்தியில என்னம்மா சொல்ல வந்த?" என்று ஆசிரியர் கேட்கட்டும். எழுதிய பிள்ளை சொல்லிவிடும்.

பிளஸ் ஒன் மாணவி, திருமங்கலம்

எங்கள் வகுப்பில் கடிதம் எழுதும் பயிற்சிக்காகச் சிலர் வீட்டு முகவரி, அப்பா போன் நம்பர் எல்லாவற்றையும் அப்படியே ஏஐயில் தட்டுகிறார்கள். ஒரு தோழி தன் வீட்டுச் சண்டையையே போட்டுக் கட்டுரையாக்கித் தரச் சொன்னாள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதினெட்டு வயதுக்குள் இருந்தால் அம்மா அப்பாவின் சம்மதத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று சாட்ஜிபிடியின் விதியிலேயே இருக்கிறது. வகுப்பறையில் இதைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று 2023இல் யுனெஸ்கோவும் சொன்னது.

டீச்சர், அந்தக் கேள்வி கேட்க வைக்கும் முறையை நானும் செய்து பார்த்தேன். என் கட்டுரையில் வைகை வற்றியதைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருந்தேன். "உங்கள் ஊரில் இப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாச்சியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.