புதுப்பிப்பு: நவம்பரில் வெனிஸ், டிக்கெட் போட்டாச்சு

நவம்பரில் அம்மாவோடு இத்தாலியின் வெனிஸ் நகருக்குப் போகலாமா, வெள்ளத்தில் மாட்டிக்கொள்வோமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகிறோம்.

அந்த வெள்ளம் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வெள்ளம் மாதிரி இல்லை. இங்கே ஐப்பசி அடைமழையில் வடிகால் வடியாவிட்டால் சம்பா நாற்று நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அங்கே ஏறுவது கடல் ஓதம். சில மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது உண்மைதான் (இது ஓத அளவுகோலின் கணக்கு, தெருவில் நிற்கும் ஆழம் இல்லை). ஆனால் 2020 முதல் கடல் உள்ளே நுழையும் வாய்களில் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. சுமார் 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால் தூக்கிவிடுகிறார்கள். தொல்லை அதற்குக் கீழேதான்: நகரின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோ ரொம்பத் தாழ்வு, 90 சென்டிமீட்டருக்கே தண்ணீர் தேங்கும்.

அதனால் அறையை ரயில் நிலையம் பக்கம் மாற்றிவிட்டேன். உள்ளே கார், ஆட்டோ எதுவும் கிடையாது; பெட்டியோடு படிப்பாலம் ஏற அம்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். "சேத்துல நாத்து நட்டவளுக்கு பூட்ஸ் எதுக்குடா?" என்கிறார் அம்மா. சரி, தண்ணீர் எவ்வளவு குளிரும் என்று நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

விசா மட்டும் பாக்கி.